அசையாமல் நின்ற நாரை

ஐப்பசியில் ஒரு காலை, நகரத்து ஆற்றங்கரையில் நடக்க வந்தவர்கள் பாறைமேல் நின்ற நாரையைக் கண்டு நின்றுவிட்டார்கள். "அசையவே இல்லையே, என்ன பொறுமை!" என்று படம் எடுத்தார்கள்.

பாறை இடுக்கில் சிக்கிய காற்றாடி நூல் அதன் காலை இறுக்கியிருந்தது பக்கத்திலிருந்த நீர்க்காகத்துக்குத்தான் தெரியும்.

"அக்கா, சிறகடித்துக் கத்து. யாராவது இறங்கி அறுத்துவிடுவார்கள்" என்று அது கெஞ்சியது.

"இத்தனை பேர் வியந்து பார்க்கும்போதா? அவர்கள் போகட்டும்" என்று நாரை கழுத்தை இன்னும் நிமிர்த்தியது.

அவர்கள் போனார்கள்; வியந்து பார்க்க வேறு சிலர் வந்தார்கள். மாலையில் மேற்கே பெய்த மழை வெள்ளமாக வந்தது. அப்போதுதான் நாரை கத்தியது; கரையில் யாரும் இல்லை. நீர்க்காகம் நூலைக் கொத்திக் கொத்திப் பார்த்தது, அறுபடவில்லை. தண்ணீர் பாறையை மூடியது.

மறுநாள், "எங்காவது பறந்து போயிருக்கும்" என்று பேசிக்கொண்டே எல்லோரும் நடந்தார்கள். நீர்க்காகம் அன்று மீன் பிடிக்க இறங்கவில்லை.