ஏழுகாய்க் குழம்பு

மனைவி பேச்சியம்மாள் இறந்தபின் வந்த முதல் பொங்கலுக்கு, பாளையங்கோட்டை வீட்டில் சுடலைமுத்துவே ஏழுகாய்க் குழம்பு வைத்தார். சென்னையிலிருந்து வந்த மகனும் மகளும் மறுபடியும் ஊற்றிக்கொண்டார்கள்.

"அருமையா இருக்குப்பா," என்றாள் மகள் வடிவு.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். அடிபிடித்திருந்தது, உப்பே இல்லை.

"பொய் சொல்லாதம்மா."

"நெசமாத்தான்ப்பா. நாங்க ரெண்டு பேரும் நாக்குல ருசிச்சில்லுன்னு ஒரு குட்டிக் கருவி ஒட்டியிருக்கோம். எதைத் தின்னாலும் எங்களுக்குப் பிடிச்ச ருசிதான் தெரியும்."

"எப்ப இருந்து?"

"மூணு வருசமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'உங்கப்பா ஒருத்தராவது என் குழம்ப ருசிச்சுச் சாப்பிடுதாவளே, அது போதும்'னு சொல்லுவா."

நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட, குழம்பு நன்றாக இருக்கிறதென்று சுடலைமுத்து பேச்சியம்மாளிடம் சொன்னதில்லை.