தாய்மாமன் இலை

அவன் இலையின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தான்.

சோற்றுக் கரண்டி விரல்களுக்கு மேலே வந்து நின்றது.

"கையை எடுண்ணே."

முதல் பந்தி. தங்கை மகளுக்கு இப்போதுதான் காது குத்தி முடிந்திருந்தது. அவன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிய குழந்தை, பலூனைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஓடிவிட்டது. பிடித்துக்கொண்டிருந்த தாய்மாமனுக்கு முதல் இலை. அந்த இலைக்கு உடன்பிறந்தவள் தன் கையாலேயே பரிமாற வேண்டும். அந்தக் குடும்பத்து வழக்கம் அது.

தங்கை வடிவுக்கோ நிற்கவே தெம்பில்லை. கண் மஞ்சளித்திருந்தது. பட்டுச்சேலைக்குள் வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. விவரம் தெரியாத ஒருத்தி, விசேஷமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வடிவும் சிரித்து வைத்தாள்.

அவளுக்கு ஈரல் கெட்டுவிட்டது.

அண்ணனின் ஈரலில் ஒரு பங்கை அறுத்து வைத்தால் பிழைப்பாள். வேறு யாருடையதும் சேரவில்லை. ஆனால் அவனுடைய ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடை குறைந்து அது கரையாமல் கத்தி வைக்க மாட்டோம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நெய்யை நிறுத்தச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் அவன் நினைத்தான்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற அம்மா, சோற்றையும் சீனியையும் நிறுத்தச் சொன்னாள். பசித்தால் முட்டை. நாக்கு இனிப்புக்கு அலைந்தால் வெண்ணெயை ஓர் உருண்டை வாயில் போட்டுக்கொள்ளலாம். தேங்காயைக் கடிக்கலாம். நெய்யைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம்.

சோறே இல்லாமல் நெய்யை எதில் ஊற்றுவது?

அந்தச் சந்தேகம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடிவுக்குத்தான் வந்தது. கீரையில் ஊற்றுங்கள் என்றாள் அந்த அம்மா.

அவன் கீரையிலும் ஊற்றினான், பழக்கதோஷத்தில் சோற்றிலும் ஊற்றினான். எடை ஏறியது. அதற்குப் பிறகுதான் சோற்றுப் பானை இருக்கும் பக்கமே போகாமல் இருக்கப் பழகினான். அல்வாக் கடை வந்தால் தெருவை மாற்றினான். நாளாக ஆக, நாக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. வெண்ணெயை விழுங்கினால் இனிப்பு நினைப்பே வருவதில்லை. சட்டைகள் தொளதொளத்தன. ஆளுக்கு என்ன சீக்கோ என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அவனுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வடிவு மட்டும் விடவில்லை. ஆள் வரும்போதெல்லாம் வெல்லம் போட்ட முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினாள். பாகில் பிடித்த மனோகரம் கொடுத்தனுப்பினாள். பாசம், வேறென்ன என்று அவன் எண்ணிக்கொண்டான். முடியாத உடம்போடு செய்து அனுப்புகிறாளே என்று பொட்டலத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஆபீசில் பங்கு வைத்துவிடுவான்.

வருகிற வாரம் ஸ்கேன்.

"கையை எடுண்ணே. எல்லாரும் பாக்காங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தாய்மாமன் கை நனைக்காமல் பந்தியில் மற்றவர்கள் சாப்பிட முடியாது. எதிர் வரிசையில் வடிவின் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"என்ன மருமவனே, எங்க வீட்டுச் சோறு எறங்காதோ?"

அவன் கையை எடுத்தான்.

ஒரு கரண்டி விழுந்தது. போதும் என்பதற்குள் இன்னொன்று. அதற்கு மேலும் ஒன்று. கீரையும் அவியலும் சோற்றுக்கு அடியில் போயின. ஓரத்தில் கேசரியை அள்ளி வைத்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். விருந்து வைக்கிறவளின் முகமாக அது இல்லை. பயந்துபோன முகம்.

அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நல்லாத் தின்னுண்ணே. உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குல்லா."

அவனுக்குப் புரிந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் மகளுக்குக் காது குத்திவிட வேண்டும் என்று இவள் ஏன் ஒற்றைக் காலில் நின்றாள் என்பதும் புரிந்தது. அவன் எடை குறையவே கூடாது. அவனைக் கொண்டுபோய்க் கத்திக்கு அடியில் படுக்க வைக்கக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை நாளும் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கோபம் வந்தது. அதை முந்திக்கொண்டு அழுகை வந்தது. விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்து அழ முடியுமா?

அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

சாம்பார் வாளி பக்கத்தில் வந்து நின்றது. வரிசை முழுக்கச் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பசிக்குது, வடிவு."

அவ்வளவுதான் சொன்னான்.

அவள் கண் இலைக்குப் போனது.

இலையில் போட்ட சோற்றைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. அதுவும் மங்கல காரியத்தில், தாய்மாமன் இலையில்.

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இலைக்கு எதிரே மெல்ல உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

பிறகு இரண்டு கைகளாலும் அந்தச் சோற்றை அள்ளி, தன் பட்டுச்சேலை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஐயையோ, என்னம்மா இது" என்று எதிர் வரிசை பதறியது. அவள் காதில் வாங்கவில்லை. மறுபடியும் அள்ளினாள். கேசரியையும் எடுத்தாள். ஒரு பருக்கை விடாமல் வழித்தாள். அடியிலிருந்த கீரை வெளியே தெரிந்தது.

அவள் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல், தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தாள்.

"யாரு அங்க? அந்த நெய்ச் சட்டியைக் கொண்டாங்க."