நாற்பதுக்கு அடுத்தது

நாற்பதை எழுதி முடித்தாள்.

சுழியத்தின் அடியில் சிவப்புப் பெயின்ட் ஒழுகியது. விரலால் வழித்தாள். விரலைச் சுடிதாரில் துடைத்தாள்.

அடுத்த கதவுக்கு நகர வேண்டும். கால் நகரவில்லை.

கையிலிருந்த பட்டியலில் அடுத்த எட்டுக் கதவுகளுக்கு எண் கிடையாது. ‘எதிர்காலத் தேவைக்கு’ என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். ஒன்பதாவது கதவில்தான் நாற்பத்தொன்று.

நாற்பது வரை மேலத்தெரு.

நாற்பத்தொன்றிலிருந்து கீழத்தெரு.

நடுவில் எட்டுத் தகர வீடுகள், எதிர்காலத்தின் பெயரில், காலியாக.

நிலநடுக்கத்தில் இடிந்தது எண்பது வீடு. தெருவுக்கு நாற்பது. தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்ததும் எண்பது. பட்டியல் மட்டும் எழுபத்திரண்டில் நின்றுவிட்டது. மீதி எட்டுக் குடும்பமும் கீழத்தெரு. ‘இரண்டாம் கட்டம்’ என்று போட்டு அவர்களைக் கூடாரத்திலேயே விட்டிருந்தார்கள்.

அந்த எட்டில் கடைசி, நாகஜோதி. ஒன்பதாம் மாதம். நேற்றைய மழையில் அவள் பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடியது. இன்றைக்கும் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

எண் எழுதிக்கொண்டிருந்தவள் பி.எஸ்சி. கணிதம். கீழத்தெருவில் முதல் பட்டதாரி. கதவுகளுக்கு எண் எழுதக் கூப்பிட்டது கையெழுத்துக்காக. கணக்குக்காக இல்லை.

பூமி ஆடி இருபத்தாறு நாள். கால் இன்னும் தரையை நம்பவில்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மாற்றி மாற்றி ஊன்றினாள்.

இத்தனை நாளும் பள்ளிக்கூட மைதானத்தில்தான் கிடந்தார்கள். முதல் வாரம் ஒரே தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு தெருவும். திரும்பத் திரும்ப அதிர்ந்த அந்த நாட்களில் மேலத்தெருப் பொன்னழகம்மா அவள் அம்மாவின் கையை விடவே இல்லை. நகம் பதிந்த தடம் அம்மாவின் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

பொன்னழகம்மாவுக்கு நாற்பதாம் எண். உள்ளே பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தகரம்தான் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அந்த ஒரு தகரத்துக்காகத்தான் எட்டு வீடு.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் நகரத்துக்காரர். நல்ல மாதிரி. காலையில் பெயின்ட் டப்பாவைக் கொடுக்கும்போதே, அவள் வாயைத் திறப்பதற்கு முன், சொல்லிவிட்டார். இது ஊர் கேட்டது. நேற்று இரண்டு தெருவிலும் கூட்டம் போட்டு, கையெழுத்தும் கைநாட்டுமாகச் சம்மதம் வாங்கியாகிவிட்டது.

கீழத்தெருவில் எந்த மானங்கெட்டவன் சம்மதித்தான்?

காலையிலிருந்து அதே யோசனை. ஒரு கதவுக்கு ஒருவன் என்று ஒவ்வொரு முகமாக நினைத்து, எழுதிக்கொண்டே திட்டினாள். நாற்பது கதவுக்கும் ஆள் இருந்தது.

முப்பத்தெட்டின் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த மேலத்தெருச் சங்கரபாண்டி, அவள் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“என்ன தாயி, நாப்பதுக்கு அடுத்து என்னன்னு காலேஜுல சொல்லித்தரலையாக்கும்?”

வாசல்களில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தூரிகையை டப்பாவில் முக்கினாள். ஒட்டியிருந்த அடுத்த கதவுக்குப் போனாள்.

நாற்பத்தொன்று.

பெரிதாக எழுதினாள்.

சிரிப்பு நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கரபாண்டி ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் போனார்.

அவர் வருவதற்குள் அம்மா வந்துவிட்டாள். தலையில் துணி மூட்டை. இடுப்பில் பானை. ஒன்பது கதவு தள்ளிப் போக வேண்டியவள், பாதி வழியில் திரும்பி ஓடி வந்திருந்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். நாற்பத்தொன்று அவளுடையது.

“அழிடி அத.”

அவள் அழிக்கவில்லை.

“நாமளாப் போயி ஒட்டிக்கிட்டோம்னு பேசுவாக. அவுக வாயில விழுந்து எந்திரிக்க என்னால ஆகாது. தள்ளி இருந்தா நாலு சட்டிய நிம்மதியாக் கழுவலாம்டி.”

பேசிக்கொண்டே மூட்டையைக் கீழே போட்டு, பானையை இறக்கி வைத்தாள். முந்தானையைச் சுருட்டிப் பெயின்ட்டைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

கட்டைவிரலில் ஊதா மை.

அவள் அந்த விரலைப் பார்த்தாள்.

அம்மா விரலை மடக்கிக்கொண்டாள்.

திட்டுவதற்கு நாக்கில் எடுத்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே நின்றது. கத்த வேண்டும் போலிருந்தது. கையிலிருந்த டப்பாவைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அப்ப நாகஜோதி எங்கம்மா பிள்ள பெறுவா?”

அம்மா திரும்பி மைதானத்தைப் பார்த்தாள்.

மிச்சமிருந்த எட்டுக் கூடாரங்கள். ஒன்றின் வாசலில் நாகஜோதி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் ஈரப்பாயைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

தூரத்தில் சங்கரபாண்டி ஆட்களோடு வருவது தெரிந்தது. ஒருங்கிணைப்பாளரும் கூட வந்தார். வேகமாக வந்தார்கள்.

அம்மா பானையை மறுபடி இடுப்பில் ஏற்றினாள். மூட்டையைக் காலால் உள்ளே தள்ளினாள். தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், நாற்பத்தொன்றுக்குள் நுழைந்தாள்.

சுவர்த் தகரத்தில் பட்டுவிடாமல், இரண்டு கையாலும் தாங்கி, பானையை இறக்கி வைத்தாள்.

சத்தமே வரவில்லை.

தகரத்துக்கு அந்தப் பக்கம் பொன்னழகம்மா பாத்திரம் அடுக்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது.