மிலிட்டரித் திமிர்

சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்த வேகத்தில் பெரியவர் மண்ணில் போய் விழுந்தார். கையிலிருந்த டிபன் கேரியர் ஜல்லியில் உருண்டு, சோறும் குழம்பும் சிதறின. அவர் எழுந்து உட்காருவதற்குள் ரயில் அலறிக்கொண்டு கடந்துபோனது.

"சாவறதுக்கு வேற இடமே கிடைக்கலையாப்பா உனக்கு? என் கேட்டுதான் கிடைச்சுதா?" என்று கத்தினான் கேட்கீப்பர் இளவரசன். ஓங்கிய கை பெரியவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் நின்று, கீழே இறங்கியது.

கேட் திறந்தும் ஒரு வண்டிகூட நகரவில்லை. ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் பாலாஜிதான் முதலில் குதித்து இறங்கினான். பின்னாலேயே பத்து பதினைந்து பேர் வந்து இளவரசனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவன்மேல் அவர்களுக்கு ஏற்கெனவே ஆத்திரம் இருந்தது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு, போன தையில்தான் இந்த ரயில்வே கேட்டுக்கு வேலைக்கு வந்தவன். முன்பிருந்த ஆள் ரயில் தூரத்தில் வரும்போது கொஞ்சம் விட்டுக்கொடுப்பான். இவன் கட்சிக்காரர் காருக்கும் திறக்கமாட்டான், முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் கெஞ்சினாலும் திறக்கமாட்டான். குறுக்குக் கம்பிக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைகிறவர்களைத் திரும்ப அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

"மிலிட்டரில இருந்தா என்ன வேணா பண்ணலாமா? வயசானவர்கிட்டதான் உன் வீரத்தைக் காட்டுவியா?" என்றான் பாலாஜி. இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் இளவரசனின் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவன் அசையவில்லை.

கேட் ஓரத்தில் பூ விற்கும் துர்கா, பெரியவரைத் தூக்கித் தன் ஸ்டூலில் உட்கார வைத்தாள். முழங்கால் சிராய்ப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவியபடியே எந்த ஊர் என்று கேட்டாள். தாமல் என்றார். காஞ்சிபுரத்தில் இறங்கி வேறு பஸ் மாறி வந்தாராம். இந்த வெயிலில் யாரைப் பார்க்க இவ்வளவு தூரம் என்று அவள் கேட்டதற்கு, அவர் தரையைப் பார்த்தார்.

"வந்த வேலை முடிஞ்சுதும்மா. பஸ் ஏத்தி விட்டுடு, போதும்."

பாலாஜி விடுவதாக இல்லை. பெரியவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்றான். அவரோ, தப்பு தன்மேல்தான், அந்தத் தம்பி இழுத்திருக்காவிட்டால் தான் இந்நேரம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது எல்லோருக்கும் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பயந்துபோய்ப் பேசுகிறார் என்றார்கள். ஆட்டோவை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, அதிகாரி வராமல் வழி விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ரயில்வே இன்ஸ்பெக்டர் டேனியல் பைக்கில் வந்து சேர்ந்தபோது வண்டிகளின் வரிசை வளைவைத் தாண்டியிருந்தது. செல்போன் படத்தைப் பார்த்தார். சிதறிக் கிடந்த சோற்றையும் பெரியவரின் கிழிந்த சட்டையையும் பார்த்தார். பிறகு இளவரசனைத் தனியே கூப்பிட்டார்.

இது பட்டாளம் இல்லை என்று சொன்னார். முன்னாள் ராணுவத்தினருக்கு ஒப்பந்தத்தில் கொடுத்த வேலை, ஒரு புகார் மேலே போனால் அடுத்த முறை நீட்டிக்கமாட்டார்கள், குழந்தை குட்டி இருக்கிற ஆள் யோசிக்க வேண்டாமா என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் இத்தோடு முடித்துவிடலாம் என்றார்.

"கேக்கமாட்டேன் சார்."

டேனியலுக்குச் சுருக்கென்றது. "என்னய்யா சொல்ற?"

"கேட் மூடினா மூடினதுதான். ரயில் வர்றப்ப யார் உள்ள நுழைஞ்சாலும் இழுத்துத்தான் போடுவேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு எல்லாரும் நுழைவான்."

இது கூட்டத்தின் காதில் விழுந்துவிட்டது. "பாருங்க சார் திமிரை" என்று பாலாஜி பாய்ந்து வந்தான். பெரியவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, நொண்டிக்கொண்டே குறுக்கே வந்து நின்றார். அவன் வேலைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று டேனியலைப் பார்த்துக் கைகூப்பினார்.

அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்ததும் டேனியலுக்குப் பொறுமை போய்விட்டது. இளவரசனின் பக்கம் திரும்பினார். குரல் ரோடு முழுக்கக் கேட்டது.

"அடிபட்டவரு உனக்காகக் கையெடுத்துக் கும்பிடறாரு. நீ மரம் மாதிரி நிக்கற. ராணுவத்துல பெரியவங்களை மதிக்கவே சொல்லித் தரலையா? உன்னைப் பெத்த அப்பன் அந்த எடத்துல இருந்திருந்தா, இப்படிச் சட்டையைப் புடிச்சு இழுத்துத் தள்ளியிருப்பியா?"

இளவரசன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. கும்பிட்டு நின்ற அந்தக் கைகளை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"இழுத்துத்தான் சார் தள்ளினேன். இவரு எங்கப்பா."