வண்டிக்குக் காய்ச்சல்

"வண்டிக்குக் காய்ச்சல் வந்தா, யாருப்பா நெத்தியில கை வெச்சுப் பாப்பாங்க?"

சூடான இன்ஜினைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்ட மகள் ஒருமுறை அப்படிக் கேட்டாள். அடிக்கடி காய்ச்சலில் படுக்கிற பிள்ளை. அவளுக்கு உலகத்துச் சூடெல்லாம் காய்ச்சல்தான். வேறு யார் இருக்கிறார்கள், நான்தான் பார்க்க வேண்டும் என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அப்பா சிரித்தார். சத்தியமா என்று அவள் கையை நீட்ட, அவரும் அதில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அதை நினைத்தபடியேதான் இப்போது பட்டறையில் குனிந்திருந்தார். பழைய ஏ.சி.யிலிருந்து கழற்றிய காயில் குழாயை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, அதன் இரண்டு முனைகளிலும் செம்புக் குழாயைப் பற்றவைக்க வேண்டும். நெருப்பைக் கொளுத்துமுன் ஒரு கணம் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பது அவர் வழக்கம். இன்று சற்று அதிக நேரம் நின்றார்.

பெஞ்சில் வண்டிக்காரன் உட்கார்ந்திருந்தான். ரத்த வங்கியிலிருந்து மேட்டு ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் ரத்தப் பெட்டி கொண்டுபோகிற பையன். அதனால் எல்லோருக்கும் அவன் பெட்டிக்காரன்.

"என்னண்ணே, வண்டிக்கு ஏ.சி. மாட்டறீங்களா? எங்க வீட்ல ஃபேனே ஓடறதில்ல."

இது ஆயில் கூலர் என்றார் மெக்கானிக். இன்ஜினுக்குள் கொதிக்கிற ஆயில் இதற்குள் வந்து, எதிர்க்காற்றில் ஆறி, மறுபடி உள்ளே போகும். அவ்வளவுதான் சங்கதி.

பெட்டிக்காரனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் வைக்கிற ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க வந்த இந்த மனிதர், வாசலில் நின்ற இவன் வண்டியைப் பார்த்துவிட்டு, வலிய வந்து அது சூடாகாமல் செய்து தருகிறேன் என்றார். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

"பாதி ஏத்தத்துல இதுக்கு மூச்சு முட்டிடும்ணே. அங்க ஒரு கட்டைச்சுவர் இருக்கு. இன்ஜின் ஆறுற வரைக்கும் அதுமேலதான் நமக்கு உத்தியோகம். சீக்கிரம் அந்தச் சுவருக்கு என் பேரையே வெச்சுடுவாங்க."

மெக்கானிக் சிரிக்கவில்லை. பற்றவைத்த கூலரை வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தார். ஓர் இணைப்பிலிருந்து சின்னதாக ஒரு குமிழி எழும்பியது. உடனே எடுத்துத் துடைத்து, மறுபடியும் நெருப்பைக் கொளுத்தினார்.

"ஒரு குமிழிதானேண்ணே, விடுங்க."

"ஒரு சொட்டு ஒழுகினாலும் நடுவழியில நிக்கும் தம்பி. மேல ஒருத்தர் காத்துக்கிட்டிருப்பாங்க."

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். வண்டியின் நம்பரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்த வண்டிதானா என்று கண்ணாலேயே கேட்டாள், அவர் தலையசைத்தார். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தூசி படிந்த சீட்டைத் துடைத்தாள். பிறகு பெட்டிக்காரனிடம் டீயை நீட்டி, சாப்பிட்டாயா என்று விசாரித்தாள்.

பெட்டிக்காரனுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

"அண்ணே, உங்க வீட்ல யாருக்காச்சும் நான் பெட்டி கொண்டாந்திருக்கேனா?"

"என் பொண்ணுக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு உன் வண்டியத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. இத்தனை காலம் பெட்டி சுமந்தும், அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒருவரும் அவனிடம் சொன்னதில்லை.

"பாப்பா இப்ப எப்படிண்ணே இருக்கு?"

மெக்கானிக் ஹோஸின் கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கி முடித்த பிறகும் ஸ்பானரை அதிலிருந்து எடுக்கவில்லை.

"இப்ப அவளுக்கு ஒரு வலியும் இல்ல தம்பி."

மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். பெட்டிக்காரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த ஒரு வார்த்தை போதும், இனி எத்தனை பெட்டி வேண்டுமானாலும் சுமப்பேன் என்றான்.

கூலர் இன்ஜினுக்கு முன்னால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆயிலை ஊற்றி மூடியதும் பெட்டிக்காரன் சாவிக்குக் கை நீட்டினான்.

"நீ உக்காரு. முதல் ஏத்தம் நான் ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

தெருக்களைச் சுற்றிச் சுற்றி இன்ஜினை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, ஏற்றத்தில் திருப்பினார். பாதி வழியில் அந்தக் கட்டைச்சுவர் வந்தது. வண்டி திணறவில்லை, ஒரே சீராக ஏறி, சுவரைப் பின்னால் விட்டுவிட்டு மேலே போயிற்று.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் மண்டியிட்டார். பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல, உள்ளங்கையை இன்ஜின்மேல் தொட்டும் தொடாமலும் வைத்தார்.

"காய்ச்சல் இல்லடா கண்ணு. உனக்கு லேட்டா வந்த மாதிரி, இனி எந்தப் பிள்ளைக்கும் ரத்தம் லேட்டா வராது."