ஒருமையில் சொன்னது

கிரீஸ் படிந்த சட்டையும் தோளில் கருவிப்பையுமாக வாசலில் நிற்பவரைப் பார்த்ததும், “பின்பக்கமா வா, குழாய் அங்கதான் ஒழுகுது” என்கிறேன். உள்ளிருந்து ஓடிவரும் மகள், “ஐயோ அப்பா, நான் கட்டிக்கப்போறவரோட அப்பா! சம்பந்தம் பேச வந்திருக்காங்க!” என்று கிசுகிசுக்கிறாள். வாசலுக்கு வந்தவரை மரியாதை குறைத்துப் பேசாத குடும்பம் என்று மார்தட்டியவன் நான். மாலை வெயிலில் அவர் நிழல் படியில் அசையாமல் கிடக்கிறது. திரும்பி நடந்தால் மகளின் கல்யாணமும் அவரோடே போய்விடும். அவர் பையை மெதுவாக இறக்குகிறார். புறங்கையால் நெற்றியைத் துடைக்கிறார். “நான் லாரி மெக்கானிக், பட்டறையிலிருந்து நேரா வர்றேன். குழாய் வேலை தெரியாது” என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். “ஆனா குழாய்க்காரர் வந்தாலும் வாங்கன்னே கூப்பிடுங்க, சம்பந்தி.” அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.