இலந்தைப்பழக் குற்றவாளி

"அம்மா, சிரிக்காதே! முறைச்சுப் பார்!"

காமிராவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள் என் தங்கை ஜும்கி. அம்மாவால் முடிந்தால்தானே? மறுபடி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"இந்தக் குழந்தை என்னடி தப்பு பண்ணா? சும்மா நிக்கறவளை எப்படி முறைக்கறது?"

'இந்தக் குழந்தை' என் மகள் துல்துலி. ஏழு வயது. ஜும்கியின் பழைய கவுனை மாட்டிக்கொண்டு, ஜும்கியாக நடிக்கிறாள். அம்மா, முப்பது வருஷத்துக்கு முந்தைய அம்மாவாக. நான் வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டை பிடிக்கும் கூலியில்லாத ஆள்.

சின்ன வயதில் வாங்கிய தண்டனைகளை அதே வீட்டில் நடிக்க வைத்துப் படமெடுக்கிறாள் ஜும்கி. அடுத்த மாதம் கண்காட்சி. இன்றைய படங்களுக்குத் தலைப்பு, 'சிறை'.

குற்றம் என்ன தெரியுமா? சரஸ்வதி பூஜைக்கு முன்னாடியே இலந்தைப்பழம் தின்றது. தின்றால் பரீட்சையில் பூஜ்யம். எங்கள் பெஹாலாவில் வங்காளிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. ஜும்கி வருஷா வருஷம் தின்பாள். அம்மாவும் வருஷா வருஷம் சாமான் அறையில் போட்டுப் பூட்டுவாள்.

"அம்மா, நேத்து நீ எடுத்து வெச்ச கட்லா மீன் தலையை ஜும்கி பூனைக்குப் போட்டுட்டா. வெளியிலயே தின்னுட்டு வந்துட்டாளாம்" என்றேன்.

"அடிப்பாவி!" அம்மாவின் கண் காமிராவைப் பார்த்து உருண்டது. ஜும்கி சடக்கென்று எடுத்துவிட்டாள்.

"பிரமாதம்! இப்ப நீ மட்டும் சாமான் அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோம்மா. துல்துலி, நீ வெளியில நின்னு நடுங்கணும். அம்மா உள்ளே பிரம்பு தேடறா, தெரியுதா? எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் உயிரே போகும்."

அம்மா போனாள், வந்தாள். வரும்போது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ஏன்டி, உங்க மாமா, சித்தி எல்லாரும் பார்க்க வருவாங்களே. நான் ராட்சசியாட்டம் சுவத்துல தொங்கணுமா?"

"இது கலைம்மா."

"என்னமோ போ. உனக்குப் பேர் வந்தாச் சரி." அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலையாம், கலை!

ஜும்கி குரலைத் தாழ்த்தினாள். "கடைசிப் படம், பழிக்குப் பழி. அம்மா பூட்டிட்டுப் போனதும் நான் சாமான் அறையில இருக்கற இந்த ஜாடியைத் திறந்து வெல்ல மாங்காயைத் திருடித் தின்பேன். அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எங்கே, திற பார்க்கலாம்."

அதே பழைய ஜாடி. துல்துலி திருகினாள். மூடி அசையவில்லை.

"அத்தை, இது வரலை."

ஜும்கி திருகினாள். நானும் அட்டையைப் போட்டுவிட்டு வந்து மல்லுக்கட்டினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். புடவைத் தலைப்பால் மூடியைப் பிடித்து ஒரே திருகு. கழன்றுவிட்டது.

"இந்த வீட்டுல என்னைத் தவிர ஒருத்தராலயும் இதைத் திறக்க முடியாது. எறும்பு வருமேன்னு அப்படி இறுக்கி வெப்பேன். உங்கப்பாவே தோத்துப் போவார்!"

ஜும்கி காமிராவை இறக்கினாள்.

"அப்ப... இவ வயசுல நான் எப்படிம்மா திறந்தேன்?"

அம்மா ஒரு மாங்காய்த் துண்டைத் துல்துலி வாயில் போட்டாள். இன்னொன்றை ஜும்கி வாயில் திணித்தாள்.

"உன்னைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நான் மட்டும் உள்ளே போவேனே, பிரம்பு தேடவாடி போனேன், மக்கு?"